ராக்குவின் மத்தியானத் தூக்கம்

ராக்கு மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தபோது அவளுக்கு நாலாவது மாதம். அது 1958, மாசி மாதம். கடலாடிக்குத் தெற்கே, கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்பும் தூரத்தில் இருந்தது அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம் என்று பார்த்தார்கள். குடம் காலியாக இருந்தது. அதை நிரப்பி வர வேண்டியவளே ராக்குதான்.

அவள் புருஷன் கூத்தையா கெட்டவன் அல்லன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அப்படிப்பட்ட நல்லவர்களின் வீடுகளிலும் பெண்கள் ரத்தமில்லாமல் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மயங்கிக் கிடந்தவளைப் பார்த்துப் பயந்துபோய் மறுநாளே அவளை பஸ் ஏற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் ராக்குவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இதற்கு முன் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒன்று வயிற்றிலேயே போய்விட்டது, இன்னொன்று பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கும் முன்னே போய்விட்டது என்றாள் ராக்கு. டாக்டர் வெளியே நின்ற கூத்தையாவை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க சம்சாரத்து உடம்புல ரத்தமே இல்லய்யா. வீட்டுல இவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

"எல்லாரும் சாப்பிட்ட பொறகு சாப்பிடுவா."

"என்ன சாப்பிடுவாங்க?"

கூத்தையா யோசித்தான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மனைவி என்ன தின்கிறாள் என்று அவன் பார்த்ததில்லை. "இருக்கறத" என்றான்.

டாக்டர் அவனை உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்தே சொன்னார். "நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க சாப்பிடறப்பவே இவங்களும் சாப்பிடணும். முருங்கைக்கீரை, கேப்பை, முடிஞ்சப்ப ஒரு முட்டை. தண்ணிக் குடம் இனிமே நீங்க தூக்குங்க. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் இவங்க படுக்கணும். மாத்திரை தாரேன், ஆனா மாத்திரை பாதிதான், மீதி நீங்கதான். இப்படியே விட்டீங்கன்னா பிரசவத்துல ரெண்டு உயிரும் போயிடும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கம்மா."

பிறகு ராக்குவிடம் திரும்பினார். "நீ ஏம்மா தலையத் தூக்கவே மாட்டேங்கற? மனசுல என்னமோ கெடக்கு. நம்பிக்கையான ஆளு யாருகிட்டயாவது கொட்டிடு. உள்ளயே வச்சிருந்தா அதுவும் உடம்பத் தின்னும்."

அந்த மருத்துவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எந்த ஊருக்குச் சொல்லி அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியாது.

கூத்தையா முதலில் ஒழுங்காகத்தான் இருந்தான். அந்த ஊரில் குடிதண்ணீருக்குக் கண்மாயின் வறண்ட மடியில் ஊத்துத் தோண்ட வேண்டும். ஆள் ஆழக் குழியில் இறங்கி, கசியும் தண்ணீரைச் சிரட்டையால் கோதிக் குடத்தை நிரப்ப வேண்டும். விடியுமுன் கூத்தையா போய்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சாப்பிடும்போது ராக்குவின் தட்டையும் பக்கத்தில் வைக்கச் சொன்னான். அவன் அம்மா பிச்சையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை.

ராக்குவும் டாக்டர் சொன்னபடியே நடந்தாள். காட்டில் மத்தியானக் கஞ்சி குடித்ததும் கண்மாய்க் கரையில் குடை பிடித்தாற்போல நிற்கும் உடைமரத்தடிக்குப் போவாள். முள்ளை ஒதுக்கிவிட்டு முந்தானையை விரித்துப் படுப்பாள். முதல் சில நாள் தூக்கம் வரவில்லை. படுத்திருக்கிறோமே, யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். பிறகு ஒரு நாள் வந்தது. எழுந்தபோது இடுப்பு வலி விட்டிருந்தது. அப்படியொரு வலியில்லாத இடுப்பு தனக்கு உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் கண்ணைச் சுற்றியிருந்த கருமை குறைந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது. வேலைக்கு நடுவே ஒரு முறை அவள் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

உடைமரத்தடிக்குச் சில நாள் கருத்தம்மாளும் வருவாள். இருவரும் ஒரே ஊரில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டவர்கள். கருத்தம்மாள் மூத்தவள். ராக்குவுக்குத் தலை பின்னிவிட்டவள், தாவணி கட்டப் பழக்கியவள், செத்த பிள்ளையைக் குளிப்பாட்டியவளும் அவள்தான். இவளைவிட நம்பிக்கையான ஆள் வேறு யார்?

"அக்கா, ஒண்ணு சொல்லவா? சொன்னா என்னய வெறுத்துருவியா?"

"ஏத்தா, ஒன்னய வெறுத்துட்டு நான் யாருகிட்டப் பேசப் போறேன்? எம் புருஷன்கிட்டயா? அந்த மனுஷன் மாட்டுகிட்டயே நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு."

ராக்கு சிரித்தாள். பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பிள்ள செத்துச்சுல்ல, அன்னைக்கு எனக்கு அழுகை வரலக்கா. ஒரு மாசமாத் தூங்கல. பாலுக்கு அழும், எந்திரிப்பேன், விடியுமுன்ன ஊத்துக்கு ஓடுவேன், காட்டுக்குப் போவேன். அது மூச்சு நின்னு கெடந்தப்ப, எம் மனசுல மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? அப்பாடா, இன்னிக்குத் தூங்கலாம்னு. அதுக்குப் பொறகுதான் அய்யோன்னு வந்துச்சு. அந்த அப்பாடாதான் என்னயக் கொல்லுது."

கருத்தம்மாள் அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அசதிடி அது. நீ இல்ல" என்றாள். ராக்கு அன்று அழுதுவிட்டுத் தூங்கினாள். அதுபோல அவள் அதற்கு முன் தூங்கியதே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? கூத்தையா குடம் தூக்குவதை டீக்கடையில் ஒரு காட்சியாக்கினார்கள்.

"ஏலே கூத்தையா, சும்மாடு வச்சுத் தூக்குடா, தோளு காப்புக் காய்ச்சிரும்!"

"அடுத்தது அவந்தாம்லே பிரசவத்துக்குப் படுக்கப் போறான்!"

"சாயங்காலம் ஊத்துல பொம்பளைக எல்லாம் ஒன்னயத் தேடுறாளுக. கொழம்பு என்ன வச்சன்னு கேக்கணுமாம்."

கூத்தையா சிரித்துச் சமாளித்தான். அடுத்த வாரம் குடத்தைத் தொடவில்லை. ராக்கு கேட்டதற்கு, "தோளு வலிக்குது" என்றான். அவள் மறுபடி ஊத்துக்குழியில் இறங்கினாள். ஒரு நாள் அங்கேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

பிச்சையம்மாள் காத்திருந்தவள்போல வாயைத் திறந்தாள். "உச்சிப் பொழுதுல கண்மாய்க் கரையில தனியாப் படுக்குறா. அங்கனதான் முன்ன ஒருத்தி தண்ணியில விழுந்து செத்தா. பிள்ளத்தாச்சி படுக்குற எடமா அது? காத்துக் கருப்பு ஏறிருச்சு. கோடாங்கியக் கூப்பிடு."

இங்கே ஒரு விஷயத்தைப் பளிச்சென்று சொல்ல வேண்டும். கூத்தையாவுக்குப் பேய் வசதியாக இருந்தது. மனைவி மயங்குவது பட்டினியால் என்றால் குற்றம் அவன் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. பேயால் என்றால் யார் குற்றமும் இல்லை. குடம் தூக்க வேண்டாம். டீக்கடையில் தலை நிமிரலாம். ராமநாதபுரத்தில் நின்றபடி அவன் கேட்டது முழுவதையும் கண்மாயில் செத்த ஒரு பெண்ணின் தலையில் தூக்கி வைத்துவிடலாம். நம் ஊர்களில் பேய்கள் பெருகியிருப்பதற்குக் காரணம் இருட்டு என்று நினைப்பவர்கள் ஏமாளிகள்.

பேயோட்டும் கோடாங்கி வீரபத்திரன் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் உடுக்கையோடு வந்தான். வாசலில் ஊர் கூடிவிட்டது. ராக்குவை நடுவில் உட்கார வைத்துத் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். காலையிலிருந்து அவளுக்குச் சோறு இல்லை. பேய்க்குச் சோறு போட்டால் இறங்காதாம். கருத்தம்மாள் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் இருந்ததால் ராக்குவுக்குப் பயம் குறைவாக இருந்தது.

உடுக்கை முழங்கியது. வீரபத்திரன் வேப்பங்குழையால் அவள் தலையிலும் முகத்திலும் அடித்தபடி சுற்றி வந்தான்.

"யாரு நீ? பேரைச் சொல்லு!"

"ராக்கு."

"பேரை மறைக்காதே! சொல்லு!"

"ராக்குதான்யா. ஒங்களுக்குத் தெரியாதா?" கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீரபத்திரன் உடுக்கையை நிறுத்தினான். குரலைத் தாழ்த்தினான். "மறைச்சா எனக்குத் தெரியாதா? பிள்ள செத்துக் கெடந்தப்ப 'அப்பாடா, இன்னிக்குத் தூங்கலாம்'னு நெனச்சது யாரு? பெத்தவ நெனப்பாளா? ராக்கு நெனப்பாளா? பிள்ளையத் தின்ன நீதானே நெனச்சே!"

வாசல் முழுவதும் மூச்சை இழுத்தது. பிச்சையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எம் பேரனை முழுங்கினவளா இவ!"

ராக்குவின் காதில் வேறு எதுவும் விழவில்லை. அந்த வார்த்தைகள் அப்படியே அவளுடையவை. 'அப்பாடா' கூட அப்படியே இருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அவள் அதைச் சொல்லியிருந்தாள். அந்த ஒருத்தியின் கைகள் இப்போது அவள் தோளில் இருந்தன.

இது ஊருக்குத் தெரியாத தந்திரம் அல்ல. கோடாங்கி வருவதற்கு முன்பே வீட்டுக்கு நெருங்கிய யாரிடமாவது துருவிக் கேட்டுக்கொள்வான். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைப் பிளந்து கேட்பார்கள். உடுக்கைச் சத்தத்தோடு வரும்போது அது அருள்வாக்கு.

ராக்கு திரும்பினாள். "நான் ஒன்கிட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்!"

கருத்தம்மாள் பதில் பேசுமுன் வீரபத்திரன் முந்திக்கொண்டான். "பாத்தீங்களா? கூட நின்ன மகராசி மேலயே பழி போடுது! சரியான பேயி!"

"எனக்குப் பேயி இல்ல. ரத்தம் இல்ல. டாக்டரம்மா சொன்னாங்க!"

"டாக்டரைச் சாட்சிக்குக் கூப்பிடுது பாருங்க. விவரமான பேயி!"

ராக்கு கூத்தையாவைத் தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். "ஏய்யா! நீயும்தான கேட்ட? கேட்டுச்சுங்கம்மான்னு சொன்னியே! சொல்லுய்யா இவங்ககிட்ட!"

கூத்தையா கீழே பார்த்தான். அவன் உதடு அசைந்தது. பிறகு, "எனக்கு என்ன தெரியும்? சாமி பாத்துச் சொல்லட்டும்" என்றான்.

அவள் என்ன பேசினாலும் அது பேயின் பேச்சாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பேயின் பொய், அழுதால் பேயின் நடிப்பு, மௌனமாக இருந்தால் பேயின் பிடிவாதம். ஒரு பெண்ணின் வாயை அடைப்பதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை எந்தச் சர்க்காரும் கண்டுபிடித்ததில்லை.

வேப்பங்குழை மறுபடி விழுந்தது. வயிற்றில் பிள்ளை அசையவில்லை. காலையிலிருந்தே அசையவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கருத்தம்மாள் குனிந்து அவள் காதோரம் வேகமாகச் சொன்னாள்: "கிறுக்குச் சிறுக்கி, பேயாப் பேசுடி! ராக்குவுக்கு ஒரு பயலும் ஒண்ணுந் தர மாட்டான். பேயி கேட்டாத் தருவான். வேணுங்கறதக் கேளு. அதுக்குத்தான் சொன்னேன்."

ராக்கு தோளைச் சிலிர்த்து அந்தக் கைகளை உதறினாள். எழுந்து நின்றாள். முடி முகத்தில் புரண்டது. அவளுக்குள் இருந்த ஆத்திரம் அத்தனையும் குரலாக வந்தது. அந்தக் குரலைக் கேட்டு முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஆமாடா! நான்தான்டா!"

"அப்படி வா வழிக்கு!" வீரபத்திரன் உற்சாகமாக உடுக்கையைத் தட்டினான். "எறங்கிப் போக என்ன வேணும்? கருஞ்சேவலா?"

"சேவல் யாருக்குடா வேணும்? எனக்கு முட்டை வேணும். வாரத்துக்கு நாலு. இவ வாயிலதான் ஊட்டணும்."

உடுக்கை தடுமாறியது.

"சோறு மொதல்ல இவளுக்கு வைக்கணும். மத்தியானம் இவ படுத்தா ஒரு நாயும் கொரைக்கக் கூடாது. தண்ணிக் குடத்த இவ தொட்டா, தொட வச்சவன் குடலைப் புடுங்குவேன். கூத்தையா தூக்கணும்! நடுத்தெரு வழியாத் தூக்கணும்!"

"எதுவரைக்கும் தாயி?" என்று கேட்டவன் கூத்தையா. கைகூப்பியிருந்தான். மனைவியிடம் அவன் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை.

"பிள்ள பெறக்குற வரைக்கும்! சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு!"

கூத்தையா சூடத்தை அணைத்தான். வீரபத்திரனுக்கு முகம் சிறுத்துவிட்டது. சேவலும் போயிற்று, பேயும் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் அவனே வரவழைத்த பேயை அவனே இல்லையென்று சொல்ல முடியுமா?

ராமநாதபுரத்து டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன ஒவ்வொன்றும் அன்றிரவே நடந்தது. முட்டை வந்தது. முருங்கைக்கீரை வந்தது. பிச்சையம்மாளே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கூத்தையா நடுத்தெரு வழியாகக் குடம் தூக்கினான். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை, எழுந்து வழிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் பிள்ளை அசைந்தது. மனைவிக்குக் கொடுத்தால் கேவலம். பேய்க்குக் கொடுத்தால் பக்தி. இந்த வெட்கங்கெட்ட கணக்கை அந்த ஊரில் ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

ராக்கு உடைமரத்தடியில் படுத்தாள். உடம்பு தேறியது. ஆனால் இப்போது அவள் கண்ணை மூடுமுன் சுற்றிலும் பார்ப்பாள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் அவளைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகிப் போனார்கள். பச்சைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் பிள்ளையின் முகத்தை மூடினார்கள். பிள்ளை செத்ததும் தூங்க நினைத்தவள் என்பது ஊர் முழுவதும் பரவியிருந்தது.

கருத்தம்மாள் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் கோவமா? நான் சொன்னபடி கெடச்சுச்சா இல்லையா?"

"கெடச்சுச்சு."

"பின்ன?"

"வேற எதையாச்சும் சொல்லிருக்கலாம்ல நீ. வயித்துவலின்னு சொல்லிருக்கலாம். கம்மாய்ல என்னமோ பாத்தான்னு சொல்லிருக்கலாம். அதயா குடுத்த?"

"சாதாரணமாச் சொன்னா கோடாங்கி நம்ப மாட்டாரு. ஊரும் நம்பாது. பெருசா ஒண்ணு வேணுமின்னு கேட்டாரு."

"ஒன்கிட்ட இருந்ததுலயே அதுதான் பெருசு, இல்லக்கா?"

கருத்தம்மாளுக்கு அது விளங்கவில்லையா, விளங்காததுபோல இருந்தாளா, தெரியாது. "நன்றிகெட்டவ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ராக்கு அதற்குப் பிறகு யாரிடமும் மனசைத் திறக்கவில்லை.

ஆவணியில் வர வேண்டிய பிள்ளை ஆனிக் கடைசியிலேயே பிறந்தது. பெண். உயிரோடு இருந்தது, அழுதது. ராக்கு தீட்டுக் கழித்துத் தலைமுழுகியதும் வீரபத்திரன் வந்து அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தான். பேய் போய்விட்டது என்றான். பேய் போன கையோடு முட்டையும் போயிற்று. கூத்தையா குடத்தை இறக்கி வைத்தான். தட்டுகள் பழைய வரிசைக்கு வந்தன. எல்லாரும் சாப்பிட்ட பிறகு ராக்கு.

பிள்ளை பாலுக்கு அழுதது, எழுந்தாள். விடியுமுன் ஊத்துக்கு ஓடினாள். இடுப்பு வலி வந்தது. பால் குறைந்தது. ஒரு நாள் அழும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றால் போதும் என்று தோன்றியது. அடுத்த கணமே அது எந்த நினைப்பு என்று அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏய்யா, டாக்டரம்மாகிட்டப் போகணும். எனக்கு முடியல. பிள்ளையையும் காட்டணும்."

கூத்தையா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இது யாரு கேக்குறது? நீயா, அதுவா?"

"நான்தான்."

"அப்பச் சும்மா கெட" என்றான். அவன் குரலில் நிம்மதி இருந்தது.

அன்று மத்தியானமே கருத்தம்மாள் வாசலில் வந்து நின்றாள். கூத்தையா சொல்லியிருப்பான் போலும். "மறுபடி ஒருக்கா ஆடு. வீரபத்திரன்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். ஒரு வருஷத்துக்குக் கேளு, தருவாங்க."

ராக்கு அவளைப் பார்த்தாள். கேட்டால் தருவார்கள் என்பது உண்மைதான். ஆடினால் இன்று பொழுது சாயுமுன் முட்டை வரும். பிறகு அதற்கும் ஒரு நாள் முடிவு வரும். மறுபடி ஆட வேண்டும். காய்ச்சலுக்கு ஆட வேண்டும், சேலைக்கு ஆட வேண்டும், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆட வேண்டும். தன் பெயரில் ஒரு வாய்ச் சோறு கேட்க முடியாதவளாகவே கிழவியாகிச் சாக வேண்டும்.

அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றினாள். காதில் கிடந்த தங்க ஓலையைக் கழற்றி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகுமென்று முந்தானையில் முடிந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிச்சையம்மாள் பின்னால் கத்திக்கொண்டே தெருமுனை வரை வந்தாள். கூத்தையா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். தடுக்கவில்லை. கூடவும் வரவில்லை.

ஊத்தைக் கடந்துதான் பஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். குழியைச் சுற்றிக் குடத்தோடு காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி துணிந்து கேட்டாள்: "யாருடி போறது? ராக்குவா, அதுவா?"

"ராக்கு போறேன்."

"அது?"

"அது இனி வராது. வேணுங்கறவ இங்கன நின்னு ஆடிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். ராக்கு அதையும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் ஏறினாள்.